ஈ, தா, கொடு: பணியிடத் தகவமைப்புக் கோரிக்கையின் மொழி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாற்றுத்திறனாளிப் பணியாளர் தம் பணியைச் செய்வதற்குத் தேவையான மாற்றங்களைப் பணியிடத்தில் கோருவதற்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. சட்டம் இதனை உரிமையாகக் கொள்கிறது. ஆனால், அக்கோரிக்கை தமிழில் எழுதப்படும்போது இரப்புரையின் வடிவத்தைப் பெற்றுவிடுகிறது. தொல்காப்பியம் வகுத்துக்காட்டும் ஈ, தா, கொடு என்னும் மூவகைக் கேட்டல் முறைகளை அளவுகோலாகக் கொண்டு, விண்ணப்பத்தின் மொழி, அதற்கு அலுவலகம் தரும் மறுமொழியின் மொழி, கலைச்சொல்லாக்கத்தில் உள்ள சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தகவமைப்பு, மாற்றுத்திறனாளி, விண்ணப்ப மொழி, இரப்புரை, சலுகை, உரிமை, தொல்காப்பியம்.

முன்னுரை

உடற்குறை பற்றிய தமிழ் உரையாடல் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் பெயர்ச்சொற்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. குருடர், செவிடர், நொண்டி முதலிய சொற்கள் இழிவழக்காக உணரப்பட்டு விலக்கப்பட்டன. ஊனமுற்றோர் என்னும் சொல்லுக்கு மாற்றாக, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 2006–2011 ஆட்சிக் காலத்தில் மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல் அரசு வழக்கிற்கு வந்தது. துறையின் பெயரும் அவ்வாறே மாறியது. இந்தி வழக்கில் 2015 டிசம்பரில் பிரதமர் முன்மொழிந்த திவ்யாங் என்னும் சொல் தெய்வத்தன்மையை ஏற்றியது. தமிழ்ச் சொல்லோ திறனை முன்னிறுத்தியது. இவ்வேறுபாடு தனியே ஆராயத்தக்கது.

பெயர் மாறிய அளவிற்கு வினை மாறியதா என்னும் வினா இன்னும் போதிய அளவில் எழுப்பப்படவில்லை. மாற்றுத்திறனாளி என்று மதிப்புடன் அழைக்கப்படும் பணியாளர், தமக்கு வேண்டிய ஒன்றை அலுவலகத்தில் கேட்கும்போது எவ்வினைச்சொற்களைக் கையாள்கிறார்? அவருக்கு எவ்வினைச்சொற்களில் விடை கிடைக்கிறது? வேண்டுதல், பரிசீலித்தல், கருணை கூர்தல், உதவுதல், சலுகை அளித்தல் என்னும் வினைகளே இன்றும் அவ்விடத்தில் ஆட்சி செய்கின்றன. இவ்வினைகள் உரிமையைச் சலுகையாக மாற்றுகின்றன என்பதும், அம்மாற்றம் சொல்லளவில் நில்லாது நடைமுறை விளைவுகளையும் உண்டாக்குகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சட்டம் சொல்வது

ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதற்கு ஏற்புறுதி அளித்தது. அதன் வழியே 1995ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கருதியது. புதிய சட்டம் 21 வகைகளைக் கருதுகிறது.

பணியிடத் தகவமைப்பைப் பொறுத்தவரை சட்டத்தின் நான்கு கூறுகள் இன்றியமையாதவை. முதலாவது, வரையறை. ஒரு குறிப்பிட்ட நேர்வில் அளவுக்கு மீறிய சுமையை உண்டாக்காத வகையில், மாற்றுத்திறனாளி பிறருக்கு இணையாகத் தம் உரிமைகளைத் துய்ப்பதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களும் சீரமைப்புகளும் தகவமைப்பு எனப்படும். இரண்டாவது, பாகுபாடு என்பதன் வரையறைக்குள்ளேயே தகவமைப்பை மறுத்தலும் அடங்கும். மூன்றாவது, அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் தன் பணியாளருக்குத் தகவமைப்பையும் தடையற்ற சூழலையும் அளித்தல் வேண்டும் என்று 20ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. பணிக்காலத்தில் குறைபாடு அடைந்தவரைப் பணிநீக்கம் செய்வதையும் பதவி இறக்கம் செய்வதையும் அதே பிரிவு தடுக்கிறது. அவர் வகித்த பணிக்கு அவர் பொருந்தாதவராயின், அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்றப்பட வேண்டும். அத்தகைய பணி இல்லையெனில், கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கப்பட்டு அதில் அவர் வைத்துக்கொள்ளப்பட வேண்டும். நான்காவது, 23ஆம் பிரிவின்படி அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவரிடம் பதிவாகும் முறையீடு இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்கப்பட வேண்டும். அவரது நடவடிக்கையில் நிறைவு பெறாதவர் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம்.

தனியார் நிறுவனங்களின் நிலை இதனின்று வேறுபட்டது. 20ஆம் பிரிவின் கட்டளை அரசு நிறுவனங்களை நோக்கியே அமைந்துள்ளது. எனினும் 21ஆம் பிரிவு, சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமையை எல்லா நிறுவனங்களுக்கும் விதிக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட தனியார் நிறுவனத்தின் கொள்கையில் இடம்பெற வேண்டியவற்றை 2017ஆம் ஆண்டு விதிகள் விரித்துரைக்கின்றன. மாற்றுத்திறனாளிப் பணியாளர் தம் பணியைச் செய்வதற்கு அளிக்கப்படும் வசதிகள் அவற்றுள் ஒன்று.

இவ்விடத்தில் மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். இடஒதுக்கீடு ஒரு குழுவிற்கு உரியது. பணியில் நுழைவதற்கு முன் செயற்படுவது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் இதனை 4 விழுக்காடாக வகுத்துள்ளது. சலுகை என்பது பேருந்துப் பயணக் கட்டணத்தைப் போல அரசு தன் கொள்கையால் அளிப்பது. கொள்கை மாறினால் மாறக்கூடியது. தகவமைப்போ தனி ஒருவருக்கு உரியது. அவர் செய்யும் குறிப்பிட்ட பணியையும் அதன் குறிப்பிட்ட தடையையும் பொறுத்தது. பணியில் சேர்ந்த பின்னரும் அன்றாடம் தேவைப்படுவது. தமிழ் அலுவல் வழக்கில் இம்மூன்றும் சலுகை என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. சிக்கலின் தொடக்கம் இதுவே.

தொல்காப்பியம் காட்டும் கேட்டல் முறைகள்

ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது கையாளும் சொல்லே அவ்விருவரின் உறவைக் காட்டிவிடும் என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரத்தற்பொருளில் வரும் சொற்களாகச் சுட்டி, அவற்றைக் கேட்போரின் நிலைக்கேற்ப வகைப்படுத்துகிறார். கொடுப்பவனினும் தாழ்ந்தவன் கேட்பது ஈ. ஒத்தவன் கேட்பது தா. உயர்ந்தவன் கேட்பது கொடு. நன்னூலாரும் பொதுவியலில் இப்பாகுபாட்டை வழிமொழிகிறார்.

இப்பாகுபாடு ஏற்றத்தாழ்வு மிக்க ஒரு சமூகத்தின் பதிவு. அதனை இன்றைய நெறியாகக் கொள்ளுதல் பொருந்தாது. இன்றைய பேச்சு வழக்கில் இம்மூன்று சொற்களின் வேறுபாடும் பெரிதும் மறைந்துவிட்டது. ஆயினும் பகுப்பாய்வுக் கருவி என்ற அளவில் அதன் பயன் குறையவில்லை. கேட்கப்படும் பொருள் மூன்றிலும் ஒன்றே. மாறுவது கேட்போர், கொடுப்போர் ஆகியோரின் உறவு மட்டுமே. அவ்வுறவு மாறும்போது மறுப்பின் பொருளும் மாறுகிறது. ஈ என்றவனுக்கு மறுத்தல் கொடுப்பவனின் விருப்பம். அதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. கொடு என்றவனுக்கு மறுத்தல் இயலாது. தா என்றவனுக்கு மறுக்கலாம். ஆனால், காரணம் கூறியாதல் வேண்டும்.

சட்டத்தின் வரையறையை இம்மூன்றனுள் எதனோடு பொருத்துவது? அளவுக்கு மீறிய சுமை என்னும் வரம்பு இருப்பதால் அது கொடு அன்று. நிறுவனம் தன் இயலாமையைக் காட்டி விலக்குக் கோர இடமுண்டு. மறுத்தல் பாகுபாடு எனப்படுவதால் அது ஈ என்பதும் அன்று. ஒத்தோர் இருவரிடையே ஒருவர் கேட்க, மற்றவர் தரவோ, தர இயலாமைக்குக் காரணம் கூறவோ கடமைப்பட்ட நிலையே அங்குள்ளது. எனவே, தகவமைப்புக் கோரிக்கை தா என்னும் வகையைச் சார்ந்தது எனலாம்.

விண்ணப்பத்தின் இலக்கணம்

பள்ளி வகுப்பிலேயே கற்பிக்கப்படும் விண்ணப்ப வடிவம் தமிழர் அனைவரும் அறிந்ததே. அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, வணக்கம், வேண்டுகோள், நன்றி, இப்படிக்கு என்னும் வரிசையில் அது அமையும். விடுப்புக் கேட்பதற்கும் குடிநீர் இணைப்புக் கேட்பதற்கும் தகவமைப்புக் கேட்பதற்கும் இவ்வடிவம் ஒன்றே. பார்வைக் குறையுடைய இளநிலை உதவியாளர் ஒருவர் இவ்வடிவத்தில் எழுதக்கூடிய விண்ணப்பத்தின் நடுப்பகுதியை, ஆய்வின் பொருட்டு உருவாக்கிய மாதிரியாகக் கீழே காணலாம்.

“நான் பார்வைக் குறையுடையவன். கோப்புகளைப் படிப்பதில் மிகவும் சிரமப்பட்டு வருகிறேன். எனவே, ஐயா அவர்கள் என் நிலையைக் கருணையுடன் பரிசீலித்து, எனக்குத் திரைவாசிப்பான் மென்பொருள் வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.”

இதில் மூன்று தொடர்கள் உள்ளன. முதலிரண்டின் எழுவாய் விண்ணப்பதாரர். குறையை உடையவரும் சிரமத்தைப் படுபவரும் அவரே. மூன்றாம் தொடரில் பரிசீலித்தல், வழங்குதல், உதவுதல் ஆகிய வினைகளுக்கு உரியவர் அலுவலர். விண்ணப்பதாரருக்கு எஞ்சுவது வேண்டுதல் என்னும் வினை மட்டுமே. பணியிடம் எங்கும் எழுவாயாகவில்லை. கோப்புகள் படிப்பு என்னும் செயலுக்குப் பொருளாக வருகின்றனவே அன்றி, அவற்றின் தன்மை பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிக்கல் முழுவதும் ஒருவரது உடலுக்குள் அடைக்கப்பட்டு, தீர்வு முழுவதும் மற்றொருவரது மனத்திற்குள் வைக்கப்பட்டுவிடுகிறது.

அதே கோரிக்கையைப் பின்வருமாறும் எழுதலாம்.

“வரும் கடிதங்களைப் படித்துக் குறிப்பு எழுதுதல் என் பணி. பிரிவின் ஆவணங்கள் பலவும் ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் தட்டச்சாகின்றன; சில வெறும் படங்களாக நகலெடுக்கப்படுகின்றன. இவ்விரு வகையையும் திரைவாசிப்பான் படிப்பதில்லை. என் கணினியில் திரைவாசிப்பான் நிறுவவும், ஆவணங்கள் ஒருங்குறியில் உருவாகவும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இது குறித்துக் கலந்து பேச ஒரு நாளைத் தெரிவிக்கவும். இயலாதெனில், காரணத்தை எழுத்து வடிவில் தரக் கோருகிறேன்.”

இவ்விரண்டாம் வடிவம் மரியாதைக் குறைவானதன்று. இதில் பணி சொல்லப்படுகிறது, தடை சொல்லப்படுகிறது, வேண்டிய மாற்றம் சொல்லப்படுகிறது. ஆவணங்களும் எழுத்துருக்களும் எழுவாய்களாகின்றன. அலுவலரின் மனநிலை பற்றி எதுவும் பேசப்படவில்லை. உரையாடலுக்கு இடம் விடப்படுகிறது. மறுப்புக்கும் இடம் விடப்படுகிறது. மறுப்புக்குக் காரணம் கேட்பதுதான் இதனைத் தா என்னும் வகையில் சேர்க்கிறது.

இம்மாதிரியில் எழுத்துருவைச் சுட்டியதற்குக் காரணம் உண்டு. என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் கட்டணமின்றிக் கிடைப்பது. அதனோடு வரும் ஈஸ்பீக் ஒலியாக்கி தமிழையும் படிக்கும். ஆகவே, மென்பொருள் வழங்குதல் என்பது செலவற்ற பகுதி. ஆனால், பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் அமைந்த ஆவணத்தைத் திறந்தால், திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினியினுள் இருப்பவை உரோமன் எழுத்துகளின் குறிகளே. திரைவாசிப்பான் அவற்றையே ஒலிக்கும். பொருளற்ற ஓசையே மிஞ்சும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துக் குறியாக்கமாகிய டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் அலுவலகங்களையும் அச்சகங்களையும் கல்வி நிறுவனங்களையும் விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. பழைய வடிவில், என் கணினிக்கு ஒரு மென்பொருள் தந்து உதவுங்கள் என்று கேட்பவர் அம்மென்பொருளைப் பெறக்கூடும். படிக்க ஒன்றும் பெறமாட்டார். அலுவலகத்தின் எழுதும் பழக்கம் மாறினாலன்றி அத்தகவமைப்பு நிறைவேறாது. விண்ணப்ப மொழி பணியிடத்தை எழுவாயாக்காதபோது இழக்கப்படுவது இதுவே.

மறுமொழியின் இலக்கணம்

விண்ணப்பத்தைப் போலவே அதற்கான மறுமொழிக்கும் ஒரு வாய்பாடு உண்டு. கருணை அடிப்படையில் சலுகை வழங்கப்படுகிறது என்பதும், இதனை முன்னுதாரணமாகக் கொள்ளுதல் கூடாது என்பதும் அலுவல் ஆணைகளில் பழகிய தொடர்கள். முதல் தொடர் தருபவரின் குணத்தைத் தருதலுக்குக் காரணமாக்குகிறது. இரண்டாவது தொடர் அத்தருதலை ஒருமுறை நிகழ்வாகக் குறுக்குகிறது. கருணை என்னும் சொல்லுக்கு அரசுப்பணி வழக்கில் வேறொரு நிலைத்த இடமும் உண்டு. பணியில் இறந்தவரின் குடும்பத்தாருக்கு அளிக்கப்படும் கருணை அடிப்படை நியமனம் அது. அதே சொல்லைத் தகவமைப்புக்கும் கையாளும்போது இரண்டும் ஒரே இனமாகத் தோன்றுகின்றன.

இதன் விளைவு நடைமுறையில் வெளிப்படும். கருணையால் தரப்பட்டது அலுவலர் மாறும்போது கேள்விக்குள்ளாகும். புதிய அலுவலரிடம் மீண்டும் விண்ணப்பிக்க நேரும். உரிமையாகப் பதிவு செய்யப்பட்டதோ கோப்பில் நிற்கும். மாற்றுத்திறனாளிப் பணியாளருக்கு அளிக்க வேண்டிய வசதிகள் பற்றி ஒன்றிய அரசின் பணியாளர் துறை 2014 மார்ச் 31 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, உதவிக் கருவிகள், பயிற்சி, இடமாற்றம் முதலியவற்றைத் துறைகளின் பொறுப்பாகவே வகுத்தது. பொறுப்பு என்று மேலிருந்து எழுதப்படுவது கீழிறங்கி வரும்போது கருணையாக மொழிமாற்றம் பெறுவது கவனிக்கத்தக்கது.

நீதிமன்றங்களிலும் இவ்விரு மொழிகளின் போராட்டத்தைக் காணலாம். தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிப் பதவிக்கான தேர்வில், பார்வைக் குறையுடையோருக்கான ஒதுக்கீட்டை 40 முதல் 50 விழுக்காடு வரையிலான குறைபாடு உடையோருக்கு மட்டும் உரியதாக வரையறுத்ததை, வி. சுரேந்திர மோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் ஏற்றது. அங்கு எழுந்த வினா, அப்பதவிக்குரிய புலன்கள் இவரிடம் உள்ளனவா என்பதாக இருந்தது. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஸ் குமார் வழக்கின் தீர்ப்பில், மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்நோக்கை ஏற்க மறுத்தது. எழுதுவதில் இடர்ப்பாடுடைய தேர்வர் ஒருவர் எழுத்தர் உதவி கேட்ட வழக்கு அது. 40 விழுக்காடு என்னும் வரையறையை எட்டாதவருக்கும் தகவமைப்பு உரியது என்றும், ஒவ்வொருவர் தேவையையும் தனித்தனியே அறிந்து, அவரோடு உரையாடி முடிவு செய்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு தகவமைப்புக் கோட்பாட்டைக் கருதவில்லை என்பதையும் அது சுட்டியது. நீதித்துறைப் பணிகளில் பார்வைக் குறையுடையோர் நியமனம் பற்றி 2025 மார்ச் 3 அன்று வெளிவந்த தீர்ப்பு, குறைபாட்டை மட்டுமே காரணமாக்கி அவர்களை விலக்குதல் ஆகாது என்று உறுதிப்படுத்தியது. ஆறாண்டுக் காலத்தில் வினாவின் எழுவாய் மாறிவிட்டது. இவரால் இயலுமா என்பது, இவர் பணியாற்ற ஏற்ற வகையில் நிறுவனம் என்ன செய்தது என்பதாயிற்று.

கலைச்சொல்லில் மறைந்திருக்கும் திசை

இக்கோட்பாட்டைத் தமிழில் எச்சொல்லால் சுட்டுவது என்பதும் எளிதில் முடிவுறாத வினா. ஆங்கிலச் சொல்லின் அகராதி முதற்பொருளை எடுத்தால் அது தங்குமிடம் அல்லது இடவசதி என்றாகிவிடும். பணியாளர் வீடு கேட்பதாகப் பொருள் திரியும். வசதி எனின் சலுகையின் நிழல் படியும். ஏற்பாடு எனின் பொருள் பொதுமைப்பட்டுவிடும். இக்கட்டுரை கையாளும் தகவமைப்பு என்பது இவற்றினும் பொருத்தமானது எனினும், அதிலும் ஓர் இடர் உண்டு.

தமிழ்வழி அறிவியல் பாடநூல்களில் தகவமைப்பு என்பது உயிரி தன் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். ஒட்டகம் பாலைக்கும் மீன் நீருக்கும் தகவமைந்துள்ளன என்று மாணவர் கற்கின்றனர். மாறுவது உயிரி, மாறாதது சூழல். சட்டம் வேண்டுவதோ இதற்கு நேர்மாறானது. இங்கு மாற வேண்டியது சூழல். பாடநூற் பொருளோடு இச்சொல்லைக் கேட்கும் அலுவலர், பணியாளர்தாம் அலுவலகத்திற்கேற்ப மாற வேண்டும் என்று கொள்ளவும் கூடும்.

இவ்விடரைத் தீர்க்கும் வழியும் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. அமை என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். அமைந்தது என்பது தன்வினை. அமைத்தது என்பது பிறவினை. அமைவு, அமைப்பு என்னும் பெயர்களும் அவ்வாறே வேறுபடும். உயிரியலில் நிகழ்வது தகவமைவு எனத்தக்கது. சட்டம் பேசுவதோ ஒருவர் மற்றொன்றை அமைத்தல், அதுவே தகவமைப்பு. பணியிடத் தகவமைப்பு என்னும் தொகையைப் பணியிடத்தைத் தகவமைத்தல் என இரண்டாம் வேற்றுமைப் பொருளில் விரித்தால் கோட்பாட்டின் திசை காக்கப்படும். பணியிடத்திற்குத் தகவமைதல் என நான்காம் வேற்றுமைப் பொருளில் விரித்தால் திசை மாறிவிடும். ஐ, கு என்னும் இரண்டு உருபுகளின் வேறுபாடு, செலவும் முயற்சியும் யாருடையவை என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே, இச்சொல்லை வழங்குவோர் அதன் விரியையும் உடன் வழங்குதல் நலம்.

இலக்கிய மேற்கோள்களின் பயனும் வரம்பும்

மாற்றுத்திறனாளிகள் நாள் விழாக்களில் தவறாது எடுத்தாளப்படுவது ஆள்வினையுடைமை அதிகாரத்துக் குறள் ஒன்று (618). பொறியின்மை பழியன்று, அறிய வேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்பது அதன் கருத்து. பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொள்கிறார். பிற்கால உரையாளர் சிலர் உடலுறுப்பு எனக் கொள்கின்றனர். விழா மேடைகள் பின்னைய பொருளையே விரும்புகின்றன. குறைபாடு பழியன்று என்னும் முற்பகுதி வரவேற்கத்தக்கது. ஆனால், அவ்வுரையை ஏற்கும்போது பிற்பகுதி முழுப்பொறுப்பையும் தனிமனித முயற்சியின்மேல் ஏற்றிவிடுகிறது. படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலகத்தில் சக்கர நாற்காலியில் வருபவர் எவ்வளவு முயன்றாலும் மாடிக்கு ஏற முடியாது. அங்கு முயல வேண்டியவர் அலுவலகத்தார். குறளைத் தகவமைப்பு நோக்கில் எடுத்தாள விரும்புவோர், முயலாமையின் பழியை நிறுவனத்திற்கும் உரியதாக்குதல் வேண்டும்.

இதனினும் பயன்மிக்க சான்று புறநானூற்றின் 208ஆம் பாடல். பரிசில் நாடி வந்த பெருஞ்சித்திரனாருக்கு அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாது தந்ததை ஏற்கத் தாம் வணிகர் அல்லர் என்றும், தகுதியறிந்து தருவது தினையளவாயினும் இனிது என்றும் அவர் கூறுவதாகப் பாடல் அமைகிறது. புரவலன், புலவன் என்னும் உறவு சமநிலை உறவன்று. அதனை உரிமையின் முன்மாதிரியாகக் காட்டுதல் மிகை. எனினும் காணாமல் தருவது கொடையாகாது என்னும் எதிர்ப்பு, தனித்தனியே அறிந்து உரையாடி முடிவு செய்க என்னும் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நெறியோடு ஒப்புநோக்கத்தக்கது. செவித்திறன் குறைந்தவருக்கு அவர் கேளாத கருவியை வாங்கித் தந்துவிட்டு, கூட்டங்களில் எழுத்துக் குறிப்பு வேண்டும் என்ற அவரது கோரிக்கையை விட்டுவிடுதல் காணாது தந்த பரிசில்தான்.

தமிழ் மரபில் இரத்தலின் மொழி மட்டுமே உள்ளது என்று கருதவும் வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை, ஆட்சியின்முன் நின்று இரவாமல் வழக்காடும் மொழியை முன்வைக்கிறது. முறையீடு என்னும் சொல்லிலேயே முறை, அதாவது நீதி, உறைந்திருக்கிறது. 23ஆம் பிரிவு குறிப்பிடும் செயலுக்கு வேண்டுகோள் என்பதைவிட முறையீடு என்பதே தகும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

விண்ணப்பதாரரின் மொழியைக் குறைகூறுவது வலுவற்றவர்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகாதா என்று கேட்கலாம். இவ்வினா நியாயமானது. இளநிலைப் பணியாளர் பணிவுடன் வேண்டுகிறேன் என்று எழுதுவது பெரும்பாலும் அறியாமையால் அன்று, முன்னறிவால். இடமாற்றமும் பதவி உயர்வும் யார் கையில் உள்ளன என்பதை அவர் அறிவார். உரிமையைச் சுட்டும் கடிதம் செருக்காகப் படிக்கப்படும் என்பதையும் அறிவார். அந்நிலையில் ஈ என்பது அவருக்கு ஒரு தற்காப்பு.

எனவே, இக்கட்டுரையின் திறனாய்வு முதன்மையாக விண்ணப்பத்தைப் படிப்பவரை நோக்கியது. அமெரிக்க நாட்டில் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் சமவாய்ப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், பணியாளர் சட்டத்தின் பெயரையோ கலைச்சொல்லையோ கையாள வேண்டியதில்லை என்கிறது. உடல்நிலை காரணமாகப் பணியில் ஒரு மாற்றம் வேண்டும் என்று எளிய மொழியில் சொன்னாலே அது கோரிக்கையாகக் கொள்ளப்படும். அதன்பின் உரையாடலைத் தொடர்தல் நிறுவனத்தின் கடன். இந்நெறி நமக்கும் பொருந்தும். ஈ என்று எழுதப்பட்டதையும் தா என்று படிக்கும் கடமை அலுவலருக்கு உண்டு. விண்ணப்பத்தில் கருணை என்னும் சொல் இருப்பதால் ஆணையிலும் அச்சொல் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதற்கு நிறுவனங்கள் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. தகவமைப்புக் கோரிக்கைக்கெனத் தனிப் படிவம் அமைத்து, பணி, தடை, வேண்டிய மாற்றம் என்னும் மூன்று இடங்களை மட்டும் அதில் விடலாம். மறுமொழி ஆணையில் சட்டப்பிரிவைச் சுட்டி, மறுத்தால் காரணத்தை எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். குறைதீர் அலுவலரின் பெயரையும் அறை எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். பள்ளி, கல்லூரிகளில் விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும் தமிழாசிரியர், இரப்பு விண்ணப்பத்தையும் உரிமை விண்ணப்பத்தையும் வேறுபடுத்திக் கற்பிக்கலாம்.

முடிவுரை

தகவமைப்புக் கோரிக்கை சட்டத்தின் நோக்கில் ஒத்தோர் கேட்கும் தா என்பதாக இருக்க, தமிழ் விண்ணப்ப வாய்பாடு அதனைத் தாழ்ந்தோர் கேட்கும் ஈ என்பதாக ஆக்கிவிடுகிறது. இதனால் தடை பணியாளரின் உடலுக்குள் ஒதுங்குகிறது. தீர்வு அலுவலரின் கருணைக்குள் ஒதுங்குகிறது. இடையிலிருந்து பணியிடம் மறைந்துவிடுகிறது. தகவமைப்பு என்னும் கலைச்சொல்லும் இரண்டாம் வேற்றுமைப் பொருளில் விரித்துணரப்படாவிடின் இம்மறைவுக்கே துணைபோகும்.

பார்வைக் குறையுடைய ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பணியாற்றும் தமிழ்த்துறைகளுக்கு இவ்வாய்வு தொலைவிலுள்ள ஒன்றன்று. துறைச் சுற்றறிக்கையும் வினாத்தாளும் கருத்தரங்க மலரும் ஒருங்குறியில் உள்ளனவா என்று பார்த்தல் நம் கையிலுள்ள தகவமைப்பு. அதனைக் கேட்க ஒருவர் வந்து பணிவுடன் வேண்டும் வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை.